தட்டான் கேட்டேன், பத்தர் வந்தார்

பதுளை ஸ்டேஷனில் இறங்கியதும் முதலில் கிடைத்தது ஒரு பிளேன்டீ, அடுத்துக் கிடைத்தது ஒரு திட்டு. பிளேன்டீ என்றால் பால் விடாத வெறும் சாயம். கண்ணாடிக் கிளாசில் அதை ஊற்றி வைத்த கடைக்காரர், பக்கத்தில் ஒரு துண்டு கருப்பட்டியையும் வைத்தார். நான் பெரிய கெட்டிக்காரன் போலக் கருப்பட்டியைக் கிளாசுக்குள் போட்டுக் கலக்கினேன். "ஐயய்யோ, என்னங்க பண்றீங்க? அதக் கடிச்சுக்கிட்டுல்ல குடிக்கணும்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கடல் தாண்டி இலங்கைக்கு வந்து, உட்கார்ந்த முதல் கடையிலேயே மானம் போயிற்று. ஆனால் அந்தச் சாயம் இருக்கிறதே, அடடா! திருச்சியில் நாங்கள் தேயிலையைப் பாலில் அமுக்கி, சர்க்கரையில் மூச்சுத் திணற வைத்து, அதற்கு டீ என்று பெயரும் வைத்திருக்கிறோம். இரண்டாவது கிளாசை முறைப்படி கடித்துக் கடித்துக் குடித்தேன்.

இது அறுபதுகளின் கடைசியில் நடந்தது. அப்போது நான் திருச்சியில் பாலங்களுக்கு வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். பெயர் பொன்னுசாமி. ஆபீசில் வைத்த பெயர் பூச்சி பொன்னுசாமி. என் மேஜை இழுப்பறையைத் திறந்தால் பென்சிலுக்குப் பதிலாகத் தீப்பெட்டிகள் இருக்கும். ஒவ்வொரு தீப்பெட்டியிலும் ஒரு செத்த பூச்சி இருக்கும். கும்பிடுபூச்சியின் முன்னங்காலைப் பார்த்துவிட்டு ஒரு கிரேனின் படத்தை எடுத்துப் பாருங்கள், யார் யாரிடம் கற்க வேண்டும் என்று தெரியும். வெட்டுக்கிளியின் முட்டியில் இருக்கும் மூட்டைப் போல ஒன்றை எங்கள் பட்டறையில் கடைந்து தரச் சொன்னால் ஃபோர்மேன் வேலையை விட்டே போய்விடுவார். நாம் இரும்பைக் கூட்டிக் கூட்டிப் பலம் தேடுகிறோம். பூச்சியோ எடையைக் குறைத்துக் குறைத்துப் பலம் தேடியிருக்கிறது. இதைச் சொன்னால் ஆபீசில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பைத்தியம் பதுளைக்கு வரும் வழியிலேயே, அப்புத்தளையில், என்னைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது. ரயில் நின்றதும் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ஸ்டேஷன் கூரைக்கு அடியில் ஒரு குளவிக்கூடு தொங்குவதைக் கண்டேன். எச்சிலும் மரத்தூளும் குழைத்துச் செய்த காகிதம், அத்தனை அறைகள், அத்தனை புழுக்கள், எல்லாவற்றையும் தாங்குவது ஒரே ஒரு காம்பு. அந்தக் காம்பு எப்படி மேலே விரிந்து கூரையைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க இறங்கினேன். பார்த்துக்கொண்டே இருந்தபோது ரயில் நகர்ந்துவிட்டது. ஓடினேன். தேயிலைக் கொழுந்துக்கூடையோடு வாசலில் நின்ற ஒரு அம்மா என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். "குளவிக்கூட்டப் பாக்கவா எறங்குனீங்க? புத்தி இருக்கா உங்களுக்கு?" என்றார். கேள்வி நியாயமானதுதான்.

நான் வந்த காரியம் ஒரு கூரை. என் தங்கை ராஜத்தை அத்தை மகன் செல்லையாவுக்குக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். ஒரே அறை, ஒரே ஆசிரியர். அந்த அறையின் தகரக் கூரை காற்றில் இரண்டு தடவை பறந்துவிட்டது. இரண்டாவது தடவை ஒரு தகரம் விழுந்து ஒரு பெண் குழந்தையின் தோளைக் கிழித்தது. "பாலம் போடுற மச்சானுக்கு ஒரு கூரை போட்டுத் தர முடியாதா?" என்று மாப்பிள்ளை கேட்டு அனுப்பியிருந்தார். சொந்தக்காரன் கேட்டால் வரலாம், போகலாம் என்று இழுக்கலாம். கிண்டலாகக் கேட்டுவிட்டால் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

பதுளையிலிருந்து மடுல்சீமைக்கு பஸ். கண்டக்டர் காசிம் நானா, கல்முனைப் பக்கத்து முஸ்லிம். அங்கே நானா என்றால் அண்ணன். அந்த வழியில் எல்லாருக்கும் அவர்தான் தபால்காரர், தரகர், பஞ்சாங்கம் எல்லாம். நான் மாஸ்டர் வீட்டுக்குப் போகிறேன் என்றதும் டிக்கெட்டைக் கிழிக்காமல் என் முகத்தைப் பார்த்தார். "அவர்ட மச்சானா நீங்க? நேரத்தோட வந்தீங்க. கச்சான் வந்தா அந்தப் பள்ளிக்கூடம் சரி, முடிஞ்சிது."

எனக்குத் தலை சுற்றியது. ரயிலில் ஒருவர் கூடையோடு "கச்சான், கச்சான்" என்று கூவி விற்றதை வாங்கித் தின்றிருந்தேன். நம் ஊர் வேர்க்கடலைதான். வேர்க்கடலை வந்தால் பள்ளிக்கூடம் ஏன் முடிய வேண்டும்? கேட்டேவிட்டேன். பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. "அது திங்கிற கச்சான் தம்பி. இது அடிக்கிற கச்சான். காத்து!" என்றார் காசிம் நானா. ஒரே தமிழ்தான், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சொல் நம்மைத் தள்ளிவிடுகிறது.

வளைவு என்றதும் நினைவு வருகிறது. பசறை தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். ஒரு பக்கம் நமுனுகுல மலை மேகத்துக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தது. தள்ளி முடித்துப் பார்த்தால் என் கணுக்காலில் இரண்டு அட்டைகள். நான் பூச்சிகளின் விசிறிதான், ஆனால் அட்டை பூச்சி இல்லை, அதற்கு ஆறு கால் கிடையாது. ஆகவே எந்த மரியாதையும் காட்டாமல் பிடுங்கி எறிந்தேன்.

உண்மையான நஷ்டம் பஸ்ஸின் கூரைமேல் நடந்திருந்தது. குலுக்கலில் யாரோ ஏற்றிய பலாப்பழம் உருண்டு வந்து என் பைமேல் உட்கார்ந்துவிட்டது. பைக்குள் தீப்பெட்டி, தீப்பெட்டிக்குள் ஒரு தட்டான். தட்டான்பூச்சியைத்தான் சொல்கிறேன், நீளமான வாலும் கண்ணாடி இறக்கையுமாக மழைக்கு முன் தாழப் பறக்குமே, அதுதான். அது பொடியாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. அந்தக் கூரைக்கு நான் யோசித்து வைத்திருந்த பதில் முழுவதும் தட்டானின் இறக்கையில்தான் இருந்தது. வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? கையில் வைத்துக் காட்ட வேண்டும்.

இறங்கும்போது காசிம் நானாவிடம் கேட்டேன். "நானா, டவுன்ல தட்டான் கிடைக்குமா?"

"ஏன் கிடைக்காது? நெறய இரிக்காங்க."

"எனக்கு அவசரமா ஒண்ணு வேணும்."

"நல்ல ஆளாப் பாத்து அனுப்பவா?"

மனிதர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். நானும் விளையாட்டாக, "ஆமா, பெரிய ஆளா அனுப்புங்க. அடிபடாம வந்து சேரணும், அதுதான் முக்கியம்" என்றேன். அந்த 'இரிக்காங்க' என்ற மரியாதையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பள்ளிக்கூடம் இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு கணவாயில் நின்றது. அந்த இடத்தைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்தது. மலை முழுவதும் இடம் கிடக்க, காற்று நுழையும் சரியான வாசலில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறான் ஒருவன்! கூரையின் பாதி நெளிவுத் தகரம். மீதி, தார்ப்பீப்பாயைத் தட்டி நிமிர்த்திய தட்டைத் தகடு. பறந்துபோன தகரத்துக்குப் பதிலாக மாப்பிள்ளை எங்கெங்கோ தேடிப் பொறுக்கிக் கொண்டுவந்தது. மேலே இருபது முப்பது கல் வைத்திருந்தார்கள். சுற்றிலும் கீழே தேயிலை, வகிடு எடுத்துச் சீவிய தலைபோல அவ்வளவு ஒழுங்கு.

ராஜம் ஓடி வந்து என் பையை வாங்கினாள். "அண்ணே, வாங்க! ஏன் இப்படி இளைச்சுட்டீங்க?" என்றாள். நான் இளைத்து எத்தனையோ வருஷமாகிறது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். கோதுமை மாவில் தேங்காய் போட்டுத் தட்டிய ரொட்டி, இடித்த சம்பல். நம் ஊர்ச் சப்பாத்தியைப் போல மெல்லியது இல்லை அந்த ரொட்டி. ஒன்று தின்றால் இந்த மலையை ஏறி இறங்கலாம். நான் மூன்று தின்றேன், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

பிற்பகலில் வகுப்பைப் பார்க்கப் போனேன். அதைப் பார்த்த பிறகுதான் கூரையைப் பற்றிய என் விளையாட்டுப் புத்தி போயிற்று. குழந்தைகளில் மிகச் சிறியவர்கள் வாசலை ஒட்டி, பெரியவர்கள் உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரில் எங்கும் இப்படிப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வாசலில் நின்றுகொண்டு, ஒரு கையைக் கதவின் தாழ்ப்பாளில் வைத்தபடி வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். மூலையில் ஒரு நாற்காலி இருந்தது. அதன்மேல் சிலேட்டுகளை அடுக்கியிருந்தார்கள்.

"கூரை தடதடன்னுச்சுன்னா புள்ளைங்க சிலேட்டத் தலமேல வச்சுக்கிட்டு வெளிய ஓடிரணும். சின்னதுங்க முதல்ல. பழக்கி வச்சிருக்கேன்" என்றார்.

ராஜம் என் காதோடு, "அவரு உக்காந்து பாடம் நடத்தி எவ்வளவு நாளாச்சுன்னு கேளுங்கண்ணே. வீட்டுல சாப்புடும்போதும் ஒரு காது பள்ளிக்கூடத்துலதான் இருக்கும்" என்றாள்.

தோட்டத்தை நடத்தும் தொரை சொன்னதையும் மாப்பிள்ளை சொன்னார். "'இன்னொரு தடவ பறந்துச்சுன்னா தகரமும் கெடையாது, ஸ்கூலும் கெடையாது, ஒர மூட்ட அடுக்குற ஸ்டோராக்கிருவேன்'னுட்டாரு மச்சான். அடுத்த டிவிசன்ல ஒரு பள்ளிக்கூடம் இருக்கு, மலையச் சுத்திப் போகணும். சின்னப் புள்ளைங்க எப்படிப் போகும்? வளர்ந்ததும் நேரா கொழுந்து பறிக்கத்தான் போகும்." அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வாசலில் இருந்த வாண்டுகள் எல்லாம் என் முகத்தையே பார்த்தன. காற்று எந்த நாளும் ஆரம்பிக்கலாம் என்றார்கள்.

மறுநாள் காலையில் ஏணி வைத்து ஏறினேன். பறந்து விழுந்த பழைய தகரங்களையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஆணி ஒன்றும் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. ஓட்டைகள்தான் நீண்டு போயிருந்தன, எல்லாம் காற்று வரும் பக்கத்து விளிம்பில். கூரை ஒரேயடியாகப் பறக்கவில்லை. முதலில் விளிம்பு துடிக்க ஆரம்பிக்கிறது. துடிக்கத் துடிக்க ஓட்டை அகலமாகிறது. ஆணி இருந்த இடத்திலேயே இருக்க, தகடு மட்டும் கழன்று போய்விடுகிறது. நடுவில் எத்தனை கல் வைத்து என்ன பிரயோஜனம்? துடிப்பது விளிம்பு. இதைத்தான் தட்டான் எப்போதோ தீர்த்து வைத்திருக்கிறது. ஆனால் காட்டுவதற்குத் தட்டான் இல்லையே! வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியான பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

ஜரிகைக் கரை வேட்டி, கோட்டு, தங்க ஃபிரேம் போட்ட கண்ணாடி, கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. கணவாய் ஏறி வந்த களைப்பில் முகமெல்லாம் வேர்வை. "இங்க யாருங்க பொன்னுசாமி?" என்றார். நான்தான் என்றேன். பெட்டியைப் பதனமாகக் கீழே வைத்துவிட்டு, "தாலியா, காப்பா?" என்று கேட்டார்.

"என்ன தாலி?"

"பதுளையில முத்தையா பத்தர்னா தெரியாத ஆள் இல்லீங்க. இந்தியாவுல இருந்து வந்தவரு, பேரே பொன்னுசாமி, அவசரமா தட்டான் வேணும்னு காசிம் நானா சொன்னாரு. நல்ல ஆளா, பெரிய ஆளா, அடிபடாம வரணும்னு சொன்னீங்களாம்ல? கடைய மூடிட்டு வந்திருக்கேன்."

ராஜம் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த நாட்டில் தட்டான் என்றால் பொன் வேலை செய்கிறவர் மட்டும்தான். எங்கள் ஊரிலும் அந்தப் பொருள் உண்டு. ஆனால் என் மண்டையில் பூச்சியைத் தவிர வேறு எதுவும் ஏறாதே! எப்படியாவது சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் அவரே, "அது சரி, பத்தர்னு ஒரு வார்த்த உங்க வாயில வராதா? தட்டான்னுதான் கேப்பீங்களா?" என்று ஏறிக்கொண்டார்.

"ஐயா, மன்னிக்கணும். நான் உங்களக் கேக்கல. நான் கேட்டது பூச்சி."

இதைவிட மோசமான ஒரு வாக்கியத்தை நான் என் ஆயுசில் சொன்னதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பூச்சியா?" என்றார். திரும்பிப் போக மறுநாள்தான் பஸ். பத்தர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். ராஜம் ரொட்டி கொண்டுவந்து வைத்தாள். முதலில் வேண்டாம் என்றார். பிறகு சம்பலின் வாசனை அவரைக் கொஞ்சம் திருப்பியது. இரண்டாவது ரொட்டியில் முகம் முழுவதும் என் பக்கம் வந்துவிட்டது. கூரை பறந்த கதையையும், அதற்குப் பூச்சி எதற்கு என்பதையும் சொன்னேன்.

கதை அதற்குள் வகுப்பறைக்குப் போய்விட்டது. குழந்தைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "அது எப்படிங்க இருக்கும் அந்தப் பூச்சி?" என்று கேட்டார்கள். கையை விரித்துப் பறந்து காட்டினேன். ஒரே சத்தம். "அட, தும்பி! தும்பிய மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மாமா? ஃபேக்டரிக்குப் பின்னாடி தண்ணித் தொட்டியில நெறயக் கெடக்கு!" ஓடினார்கள். காற்று படாத பள்ளத்தில் இருக்கிறது அந்தத் தொட்டி. திரும்பி வந்தபோது ஒரு குடையை மூடிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். குடைக்குள் சரசரவென்று சத்தம். நான் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விடச் சொன்னேன். குடையை விரித்ததும் ராஜத்தின் அடுப்படியெல்லாம் தும்பியாகிவிட்டது.

அதை இரண்டு விரலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினேன். ஆனால் வெறும் கண்ணுக்கு வெறும் இறக்கைதான் தெரியும். என் பூதக்கண்ணாடியையும் பலாப்பழம் விட்டுவைக்கவில்லை. பத்தர் பெட்டியைத் திறந்தார். வைரம் பார்க்கிற கண்ணாடிக் குமிழை எடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை, தன் கண்ணில் மாட்டிக்கொண்டார். தும்பியை என் கையிலிருந்து வாங்கினார். அப்படியே குனிந்தவர், நிமிரவேயில்லை.

"இது தட்டையா இல்லையே!" என்றார் கடைசியில்.

"இல்லைங்க. மடிப்பு."

"மேடு, பள்ளம், மேடு, பள்ளம். ஒவ்வொரு மேட்டுலயும் ஒரு நரம்பு. அம்மாடி! கட்டம் கட்டமா வலை போட்டு... இவ்வளவு மெல்லிசுத் தகட்டுல நான் தோடு பண்ணுனா கையில எடுக்கையிலேயே சுருண்டுரும். இது எப்படிங்க நிக்குது?"

"அந்த மடிப்பாலதான் நிக்குது. ஒரு காகிதத்த விரிச்சுப் பிடிச்சா தொங்கும். விசிறி மாதிரி மடிச்சா நிக்கும். அதான். இப்ப இறக்கையோட நுனிக்குப் போங்க. முன் விளிம்புல ஒரு கறுப்புப் பொட்டு தெரியுதா?"

"தெரியுது. நாலு இறக்கையிலயும் இருக்கு. அழகுக்கு வச்சதா?"

"அழகுக்கு இல்லைங்க. அந்த இடம் மட்டும் தடிமன், கனம். காத்து மொதல்ல தொடுற விளிம்புல, நுனிக்குக் கிட்ட, ஒரு துளி கனத்த வச்சிருக்கு. அது இல்லைன்னா வேகமாப் பறக்கும்போது இறக்கை துடிச்சுத் துடிச்சே கிழிஞ்சிரும்."

பத்தர் குமிழைக் கண்ணிலிருந்து எடுத்தார். வாசல் வழியே பள்ளிக்கூடக் கூரையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. வெகுநேரம் குமிழில் பார்த்ததால் என்று பிறகு சாதித்தார். "முப்பது வருசமா தகட்டத் தட்டுறேன். இப்படி ஒரு வேலைய நான் பாத்ததே இல்ல" என்றார். சொல்லிவிட்டு உடனே கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுநாள் பஸ் வந்தது, போனது. பத்தர் போகவில்லை.

நாங்கள் இருவரும் கூரையைப் பற்றிப் போட்ட சண்டை தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் அந்த லயங்களில் நெடுநாள் பேசப்பட்டதாகப் பின்னர் ராஜம் சொன்னாள். தட்டைத் தகடுகளை மடிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒப்புதல். மடிப்பு விளிம்புவரை போக வேண்டும் என்றேன் நான். போகக் கூடாது, ஒரு சாண் முன்னாலேயே கரைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பை உருட்டும்போது கிழியும் என்றார் அவர். உருட்டி உள்ளே கம்பி வைப்பது யாருடைய யோசனை என்பது இன்னொரு சண்டை. வாளி விளிம்பிலும் அண்டா விளிம்பிலும் தினமும் பார்க்கிற சங்கதி அது, எனக்குத் தெரியாதா? கம்பி நாலு பக்கமும் ஒரே சீராக ஓட வேண்டும் என்றார் அவர். இல்லை, காற்று வரும் பக்கத்துக்கு மட்டும், இரண்டு மூலையிலும் இரட்டைக் கனமாக என்றேன் நான். இருவரும் தும்பியிடம் போனோம். இறக்கையின் பின்பக்கம் மடிப்புகள் கரைந்துதான் போயிருந்தன, ஆகவே அதில் அவர் ஜெயித்தார். பொட்டு முன் விளிம்பில்தான் இருந்தது, ஆகவே இதில் நான் ஜெயித்தேன். அதற்குமேல் அப்பீல் இல்லை.

கம்பிக்கு என்ன செய்வது? தொரையிடம் மாப்பிள்ளை போய்க் கேட்டதற்கு, புதிதாக ஒரு ஆணிகூடத் தரமாட்டேன், குப்பையில் கிடப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவாயிற்று. ஃபேக்டரிக்குப் போனோம். குப்பை பார்க்கப் போன எனக்கு அங்கே வேறு ஒரு விருந்து கிடைத்தது. கீழே கொழுந்தைக் காயவைக்கும் அடுப்பு. அதன் சூட்டைக் காற்றாடி வைத்து மேல்மாடிக்கு இழுக்கிறார்கள். மாடியில் தட்டுத் தட்டாகப் பரப்பிய பச்சைக் கொழுந்து அந்த வெதுவெதுப்பில் வாடுகிறது. தேயிலைத் தயாரிப்பு முழுவதையும் கவனிக்கும் டீமேக்கர் பெருமையாக விளக்கினார். நான் கரையான் புற்றைச் சொன்னேன். அதிலும் சூடு அடியிலிருந்து மேலே ஏறி, குழல்வழியே வெளியேறி, உள்ளே குளிர்ச்சியை வைத்திருக்கிறது. "கரையானா? எங்க ஃபேக்டரியவா கரையான் புத்துங்கிறீங்க?" என்று அவர் முகம் சுருங்கியது. பாராட்டாகத்தான் சொன்னேன் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பின்பக்கத்துக் குப்பையில் நாங்கள் தேடியது சுருண்டு கிடந்தது. ஒரு காலத்தில் மலையுச்சியிலிருந்து கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் தொங்கவிட்டு ஃபேக்டரிக்கு இறக்குவார்களாம். முறுக்கிய இரும்பு வடம், கட்டை விரல் பருமன். நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். பத்தர் அதைத் தட்டிப் பார்த்து, "பொட்டு கெடச்சிருச்சுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். வாரம் முழுவதும் விடியற்காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு நின்று, மலை ஏறி இறங்கியவர்கள் அவர்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஆண்கள் தகரத்தை இறக்கினார்கள், நீண்டு தொங்கிய விளிம்பை வெட்டினார்கள். பெண்கள் மரச்சட்டத்தின் குறுக்கே தகட்டை வைத்து மிதித்து மடித்தார்கள். நாத்து நடுவதைப் போல வரிசையாக நின்று, ஒரே சமயத்தில் குதித்து மடித்ததைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும். பத்தர் மரச்சுத்தியலால் விளிம்பை வடத்தின்மேல் உருட்டினார். கழுத்துச் சங்கிலிக்குக் கொக்கி போடுகிற அதே கவனம். "என்ன கூலி எதிர்பார்க்கிறீங்க?" என்று நான் கேட்டபோது, "அந்தத் தும்பியக் குடுங்க, போதும்" என்றார். தும்பி மாதிரி ஒரு தோடு செய்யப் போகிறாராம். தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைக்காமல், பொன் நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

இருட்டுவதற்குள் கூரை மேலே ஏறிவிட்டது, மறுநாள் பத்தரும் பதுளைக்குத் திரும்பினார். அப்புறம் காத்திருப்பு. கச்சான் வரவில்லை. வரக்கூடாது என்று இத்தனை நாள் கும்பிட்டவர்கள் இப்போது ஏன் வரவில்லை என்று மலையைப் பார்த்தார்கள். நான் பந்தாரவளைக்குப் போய் வந்தேன், பேரிக்காய் தின்றேன், சட்டை தைத்துக்கொண்டேன். என் விசா முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. மாப்பிள்ளை மட்டும் கதவின் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல மச்சான்" என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

ஒரு மத்தியானம் தேயிலை முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. ராஜம் கொடியில் போட்டிருந்த துணிகள் பள்ளத்தாக்குக்குப் போயின. நான் வகுப்புக்கு ஓடினேன். கீழே தொரையின் ஜீப் நின்றது. அவர் இறங்காமல் உள்ளேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வந்த பத்தரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். "இந்தப் பக்கம் ஒரு வாடிக்கை... அதான்..." என்று எதையோ இழுத்தார். நான் கேட்கவே இல்லை.

உள்ளே குழந்தைகள் சிலேட்டைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்கள். வாசலில் இருந்த வாண்டுகள் எழுந்து நின்றன. தோளில் தழும்பு உள்ள அந்தப் பெண் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. எல்லாரும் காத்திருந்தது அந்தத் தடதடச் சத்தத்துக்கு. மாப்பிள்ளை தாழ்ப்பாளைப் பாதி இழுத்துவிட்டார். காகிதத்தில் எத்தனை பாலம் போட்டிருக்கிறேன், ஒன்றின் அடியிலும் இத்தனை பிள்ளைகளை உட்கார வைத்துக் காத்திருந்ததில்லை.

காற்று கணவாய்க்குள் புகுந்து கூரையில் ஏறியது. சத்தம் வந்தது. ஆனால் தடதட இல்லை. அடித்தொண்டையில் பாடுவதைப் போல ஒரே சீரான ரீங்காரம். ம்ம்ம் என்று இழுத்தது, ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. விளிம்பு அசையவில்லை. இந்தச் சத்தத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று குழந்தைகளுக்குப் பழக்கவில்லை. சிலேட்டைத் தூக்கியபடியே மாஸ்டரைப் பார்த்தார்கள்.

"தும்பி சத்தம்!" என்றது ஒரு வாண்டு.

மாப்பிள்ளை தலையை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கேட்டார். வெளியே பத்தர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மாப்பிள்ளை தாழ்ப்பாளைப் போட்டார். மூலைக்குப் போனார். நாற்காலிமேல் இருந்த சிலேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். துண்டால் தூசியைத் தட்டினார். நாற்காலியை வகுப்புக்கு நடுவே இழுத்துப் போட்டார்.

வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் காற்றையும் மீறிக் கத்தியது.

"டேய், சார் உக்காந்துட்டாருடா!"